போலோ விவோவுக்கு 17 அங்குல மேக் சரிவருமா?

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, நான் ஓட்டுவது ஃபோக்ஸ்வாகன் போலோ விவோ கார். இப்போது இருப்பது 15 அங்குல இரும்பு ரிம், 6 ஜே, ஈடி 40. டயர் 185/60 ஆர் 15. நண்பர் ஒருவர் 17 அங்குல மேக் (அலாய் ரிம்) நான்கை டயரோடு விற்கிறார். ரிம்மின் பின்புறம் 7.5 ஜே, ஈடி 35 என்று இருக்கிறது, டயர் 205/40 ஆர் 17. ஐந்து ஓட்டைதான், ஆனால் நடு ஓட்டை என் ரிம்மில் இருப்பதைவிடப் பெரிது. 'பள்ளத்தில் விட்டு உடைக்கப் போகிறாய்' என்று அப்பா திட்டுகிறார். வாங்கலாமா?"

ஓட்டைகள் சரியாக அமைந்தால் மாட்டலாம் தம்பி, ஆனால் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அதற்குப் 17 என்ற எண்ணைக் குறை சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம், பேனாவும் காகிதமும் போதும்.

முதலில் டயரின் மொத்த உயரம். 185/60 ஆர் 15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அந்த அகலத்தில் 60 சதவீதம், அதாவது 111 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் 222. ரிம் 15 அங்குலம், 381 மி.மீ. கூட்டினால் 603. இதே மாதிரி 205/40 ஆர் 17க்குப் போட்டால் 164ம் 432ம் சேர்ந்து 596 வரும். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இரண்டு சதவீதம் வரை நான் கவலைப்படுவதில்லை. ஆக, உயரத்தில் நண்பரின் டயர் தேறிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 205/55 ஆர் 16 வாங்கி மாட்டுகிறவர்களும் உண்டு. அது 632 மி.மீ. வரும். அதை மாட்டிக்கொண்டு என்3 நெடுஞ்சாலையில் வேகமானி முள்ளை 120இல் வைத்தால், வண்டி முன்பு ஓடியதைவிட ஏறக்குறைய 6 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடும். முள்ளில் அது தெரியாது.

அடுத்தது ஈடி. தொல்லை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ரிம் வண்டியோடு ஒட்டி உட்காரும் தளம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதே ஈடி. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். ஜேயோடு வரும் எண் ரிம்மின் அகலம், அங்குலத்தில். உங்கள் ரிம் 6 ஜே, நண்பருடையது 7.5 ஜே. ஒன்றரை அங்குலம் என்பது 38 மி.மீ., பக்கத்துக்குப் பாதி என்றால் 19. ஈடியில் குறைந்த 5ஐயும் சேர்த்தால் சக்கரத்தின் வெளி விளிம்பு இப்போது இருப்பதைவிட 24 மி.மீ. வெளியே வந்துவிடும். உள்பக்கம் 14 மி.மீ. ஷாக் அப்சார்பர் பக்கம் நெருங்கும்.

24 மி.மீ. என்பது இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவுதான். வண்டி காலியாக நிற்கும்போது அழகாகக்கூடத் தெரியும். ஆனால் காவடித் திருவிழா அன்று அம்மா, அப்பா, தாத்தா, தங்கை எல்லோரும் ஏறி, பின்னால் பூவும் பாத்திரமும் வைத்து மவுன்ட் எட்ஜ்கோம் கோயிலுக்குக் கிளம்புங்கள். பின்பக்கம் தாழும். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின் டயரின் தோள் மட்கார்டின் உள் மடிப்பில் உரச நிறைய வாய்ப்பு இருக்கிறது. அந்த மடிப்பு தகடு, ஓரம் கூர்மையானது. ஒவ்வொரு உரசலுக்கும் டயரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டும். வெட்டு பக்கச்சுவர் வரை இறங்கிவிட்டால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான், பக்கச்சுவரில் ஒட்டுப் போட்டு ஓட்டக்கூடாது.

அப்பா பள்ளத்தைப் பற்றிச் சொன்னதும் சரிதான். உங்கள் இப்போதைய பக்கச்சுவர் 111 மி.மீ., 205/40இல் அது 82. பள்ளத்தின் விளிம்பு மோதும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். அது குறைந்தால் அடி நேராக மேக்குக்குப் போகும். இரும்பு ரிம் வளையும், சுத்தியலால் ஓரளவு நிமிர்த்தலாம். மேக்கில் விரிசல் விழுந்தால் என் கையால் அதை வண்டியில் மாட்டமாட்டேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சாலைகள் பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மழை நாளில் தண்ணீர் மூடிய பள்ளம் யார் கண்ணுக்கும் தெரியாது.

சரி, 15 அங்குலத்திலேயே இருக்க மனசில்லை என்றால் 16க்குப் போங்கள். 6.5 ஜே, ஈடி 40 ரிம், 195/50 ஆர் 16 டயர். மொத்த உயரம் 601 மி.மீ., உங்களுடையதைவிட 2 மி.மீ. தான் குறைவு. சக்கரம் உள்ளும் புறமும் 6 மி.மீ. மட்டுமே நகரும். பக்கச்சுவர் 97 மி.மீ.க்குச் சற்று மேல் மிஞ்சும். பார்க்கவும் வண்டி நிறைந்து நிற்கும். குடும்பத்தோடு ஓடும் விவோவுக்கு இதுதான் பொருத்தம் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

எந்த ரிம் வாங்கினாலும் ஓட்டைகளைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விவோவின் ஐந்து போல்ட்டும் 100 மி.மீ. வட்டத்தில் அமைந்தவை, 5×100 என்று எழுதுவார்கள். பெரிய ஃபோக்ஸ்வாகன்களில் வருவது 5×112. ஐந்து ஓட்டையாகவே இருப்பதால் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. அப்பாவின் பழைய சிட்டி கோல்ஃப் மேக் வீட்டில் கிடந்தால் அது 4×100, அதற்கும் இங்கே வேலையில்லை.

நடு ஓட்டை பெரிதாக இருக்கிறது என்றீர்களே, அதைக் கவனித்தது நல்லது. விவோவின் ஹப், அதாவது ரிம்மின் நடு ஓட்டைக்குள் நுழையும் பகுதி, 57.1 மி.மீ. கடையில் கிடைக்கும் மேக் பலவற்றில் 73.1 இருக்கும், பல வண்டிகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று செய்வது. இடைவெளியை அடைக்க ஸ்பிகாட் ரிங் என்ற வளையம் விற்கிறார்கள். விலை அதிகமில்லை, நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். இல்லாவிட்டால் சக்கரம் நடுவில் உட்காராமல், எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம்.

போல்ட்டுக்கு வருவோம், இதில் விளையாடக்கூடாது. விவோவோடு வந்த போல்ட் ரிம்மில் உட்காரும் இடத்தில் உருண்டையாக இருக்கும். வெளியே வாங்கும் மேக் பெரும்பாலும் கூம்பு வடிவ போல்ட் கேட்கும். மாற்றிப் போட்டால் இறுக்கியதுபோல் தெரியும், ஆனால் தொடுவது ஓரத்தில் மட்டும்தான், ஓட ஓடத் தளரும். எம்14 (14 மி.மீ. தடிமன்), 1.5 மரை, மேக் கேட்கும் வடிவத்தில், சரியான நீளத்தில் புதிதாக வாங்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் 120 நியூட்டன் மீட்டர் இறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும்.

டயரில் அளவுக்குப் பின்னால் 84 ஹெச் மாதிரி எழுதியிருக்கும். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும், ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை. புதிய டயரில் இந்த இரண்டும் பழையதைவிடக் குறையக்கூடாது. பழைய டயராக வந்தால் பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. டயர் தரையில் படும் பக்கத்துப் பூவேலை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை நான் என் பிள்ளைகள் ஏறும் வண்டிக்குப் போடமாட்டேன். அப்புறம், இன்சூரன்ஸ்காரர்களுக்கு ரிம் மாற்றியதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், விபத்து நடந்தபின் சொன்னால் பயனில்லை.

16 அங்குல மேக் விற்கிறவர் கிடைத்தால் முன்பக்கப் படத்தைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஜே, ஈடி, 5×100 மூன்றும் படிக்கத் தெளிவாக இருக்க வேண்டும். நேரில் போகும்போது வீட்டில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போங்கள். ஒரு முன் சக்கரம், ஒரு பின் சக்கரம் மாட்டி, எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருக்க, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே எல்லா இடத்திலும் உங்கள் விரல் தாராளமாக நுழைந்தால் வாங்குங்கள்.