பழைய டிஃபெண்டருக்கு எந்த ஆசன உறை?

கேள்வி: என்னிடம் 1994ஆம் ஆண்டின் லாண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 இருக்கிறது. பளையில் உள்ள தென்னந்தோட்டத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நாள்தோறும் ஓடுகிறது. முன் ஆசனங்கள் இரண்டும் கிழிந்து ஸ்பொஞ்ச் வெளியே தெரிகிறது. இடப்பக்க ஆசனத்தின் கீழுள்ள பற்றரிப் பெட்டிக்கு மூடி இல்லை. சாக்கு ஒன்றை மடித்துப் போட்டிருக்கிறோம். கராஜில் ஒருவர் ‘ஒரிஜினல் லெதர்’ உறை போடச் சொல்கிறார். லண்டனில் இருக்கும் என் தம்பி அங்கிருந்து ஆயத்த உறை வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். எது நல்லது? நாங்களே மாட்டலாமா?
– வாசகர், பளை

பதில்: உறையைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தச் சாக்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், இரும்பைத் தடுக்காது. பழைய லொறி ரியூப் ஒன்றை வெட்டி, பற்றரியின் இரண்டு முனைகளும் முழுவதும் மறையும்படி போட்டுக் கட்டுங்கள். மூடி கிடைக்கும்வரை அது போதும்.

இதை ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், கடையில் தொங்கும் ஆயத்த உறைகளில் பெரும்பாலானவை இலாஸ்டிக் நாடாவும் கம்பிக் கொளுக்கியும் வைத்து வருகின்றன. நாடாவை ஆசனத்தின் அடியால் இழுத்துக் கொளுக்கியை எங்காவது மாட்டச் சொல்வார்கள். கார்களில் அதனால் பெரிய கேடு இல்லை. உங்கள் வாகனத்தில் இடப்பக்க ஆசனத்துக்கு நேர் கீழே பற்றரி இருக்கிறது. இலாஸ்டிக் எங்கள் வெயிலில் ஒரு வருடத்தில் தளர்ந்துவிடும். கொளுக்கி கழன்று விழும். அதன் ஒரு முனை பற்றரியின் நேர்முனையிலும் மறுமுனை பெட்டியின் விளிம்பிலும் பட்டால் போதும், மின்சாரம் குறுக்கே பாய்ந்து தீப்பிடிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு டிஃபெண்டர் என் கடைக்கு வந்தது. கொளுக்கி பற்றரி முனையோடு உருகி ஒட்டியிருந்தது. கம்பி நீலமும் கறுப்புமாக நிறம் மாறியிருந்தது. ஸ்பொஞ்சின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. புகை மணத்ததும் மதகொன்றின் அருகே நிறுத்தி, ஆசனத்தைப் பிடுங்கி வீதியில் எறிந்ததால் வாகனம் தப்பியது. உங்களுடையது 110 என்பதால் எரிபொருள் தாங்கி பின்னால் இருக்கிறது. டிஃபெண்டரின் குட்டை மாதிரியான பழைய 90 வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தாங்கி வலப்பக்க ஆசனத்தின் கீழேயே இருக்கும். அவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

கொளுக்கி இல்லாத உறை என்றாலும், இருக்கைக்கும் முதுகுக்கும் சேர்த்து ஒரே துண்டாகத் தைத்தது வேண்டாம். டிஃபெண்டரில் இருக்கை மெத்தை தனியே கழன்று வர வேண்டும். அது வந்தால்தான் பற்றரியைப் பார்க்கலாம். ஒரே துண்டு உறை போட்டவர்கள் பற்றரியை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். ஆகவே கீழ் மெத்தைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தலையணைக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தைக்கச் சொல்லுங்கள். கட்டுவதற்குப் பருத்தி நாடா அல்லது வெல்க்ரோ மட்டும் போதும். இடப்பக்கத்தில் உலோகம் எதுவும் வரக் கூடாது.

இனி அந்த ‘ஒரிஜினல் லெதர்’. அந்தப் பெயரில் விற்கப்படுவதைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பின்னல் துணி தெரிந்தால் அது தோல் அல்ல; துணியின் மேல் பூசிய பிளாஸ்டிக். அதிலும் இரண்டு வகை உண்டு. ரெக்சின் என்று நாங்கள் நெடுங்காலமாகச் சொல்வது ஒன்று. அது சுடும், வியர்க்க வைக்கும், ஆனால் உழைக்கும். மற்றது மெதுமெதுவென்று, தொட்டால் உண்மைத் தோல் போலவே இருக்கும் பொலியூரெத்தேன் பூச்சு. எங்கள் ஈரக்காற்று அந்தப் பூச்சைத் தின்றுவிடும். மாரி இரண்டு மூன்று கடந்ததும் தகடு தகடாக உரிந்து சட்டையில் ஒட்டும். உண்மைத் தோலே கிடைத்தாலும் தோட்டத்துக்கு ஓடும் வாகனத்துக்கு வேண்டாம். கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்கும்; கடற்காற்றின் உப்பு தோலை வறட்டி வெடிக்கச் செய்யும்.

கராஜ்காரர் உங்களை ஒரு குறிப்பிட்ட குஷன் கடைக்குத்தான் அழைத்துச் செல்வார். செல்லட்டும். ஆனால் விலை பேசும்போது அவர் பக்கத்தில் நிற்க வேண்டாம். அவருக்குப் போகும் பங்கு உங்கள் கணக்கில்தான் ஏறும். நேர்மையாக வேலை செய்யும் தையற்காரரும் அந்தப் பங்கைக் கொடுக்க ஸ்பொஞ்சில் கை வைக்க வேண்டி வருகிறது. நான் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் குறை வந்தால் பழி தைத்தவனுக்கு, பணம் கூட்டி வந்தவனுக்கு. துணியை நீங்களே மீற்றர் கணக்கில் வாங்கிக் கொடுங்கள். தையல் கூலியையும் ஸ்பொஞ்ச் விலையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பழைய உறையையும் திருப்பிக் கேளுங்கள். அடுத்த முறை வெட்டுவதற்கு அதுதான் அளவு.

இன்னொரு பொறியும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் பழைய ஜீப்புகளுக்கு வந்த மவுசில், பளபளக்கும் புதிய உறையை மாட்டி விற்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் உறையைத் தூக்கி அடியைப் பாருங்கள். சட்டத்தில் துருவும் ஸ்பொஞ்சில் சேற்று மணமும் இருந்தால் அந்த வாகனம் வெள்ளத்தில் நின்றது.

உங்கள் தம்பியின் யோசனை அன்பானது, ஆனால் தவறிப்போக இடம் அதிகம். டிஃபெண்டர் என்ற பெயர் 1990இல் வந்தது; 2007இல் முன் ஆசனங்களையே மாற்றிவிட்டார்கள். ‘டிஃபெண்டருக்கு’ என்று மட்டும் எழுதிய உறை 2007க்குப் பிந்திய ஆசனத்துக்காக வெட்டியதாக இருந்தால் உங்களுடையதில் உட்காராது. தலையணைக் கம்பிக்கான துளையே வேறிடத்தில் வரும். திருப்பி அனுப்ப முடியுமா? பொதி இங்கே வந்து சேரும்வரை சுங்கத்தில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதித் தர ஒருவரும் இல்லை. வந்த பிறகு ஒரு தொகை, எடுத்துத் தருகிறவருக்கு ஒரு தொகை, வைத்திருந்த நாட்களுக்கு இன்னொரு தொகை. துணி உறை ஒன்றுக்காக ஒரு மனிதன் இத்தனை மேசைகளுக்கு முன் நிற்க வேண்டியதில்லை.

என் தெரிவு இது: உட்காரும் நடுப்பகுதிக்கும் முதுகு படும் பகுதிக்கும் கனமான கன்வஸ், ஓரங்களுக்கும் முதுகின் பின்பக்கத்துக்கும் ரெக்சின். பருத்திக் கன்வஸ் காற்று விடும், மதிய வெயிலில் தொடையைச் சுடாது. வெட்டுமுன் அதை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதல் கழுவலிலேயே சுருங்கி, ஆசனத்தின் முனைகளை மடக்கி இழுக்கும். தைக்கும் நூல் பொலியெஸ்ரராக இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையிலும் ஈரத்திலும் இற்றுப்போகும். சாரதி ஆசனத்தின் வலது ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கிழிவு அங்கேதான் தொடங்கியிருக்கும், ஏறி இறங்கும்போது காற்சட்டைப் பையில் உள்ள திறப்பும் பொத்தானும் உரசும் இடம் அது. அந்த ஓரத்துக்கு ரெக்சினை இரட்டையாகப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் ஆசனத்துக்கு உறை மட்டும் போதாது. முழங்காலை வைத்து அழுத்துங்கள். அடியில் உள்ள சட்டம் முழங்காலில் பட்டால் ஸ்பொஞ்ச் செத்துவிட்டது. விரலால் கிள்ளும்போது பொடியாக உதிர்ந்தாலும் அப்படித்தான். அதன் மேல் எந்த உறையைப் போட்டாலும் ஆறு மாதத்தில் சுருக்கம் விழுந்து தையல் விடும். புதிய ஸ்பொஞ்ச் அடர்த்தியானதாக இருக்க வேண்டும். தளபாடக் கடையின் மெத்தை வெட்டுத் துண்டு வேண்டாம். டிஃபெண்டரின் முன்கண்ணாடி மேல்விளிம்பில் ஒழுக்கு இருப்பது வழக்கம். அதையும் அடைத்துவிட்டுத்தான் புதிய ஸ்பொஞ்சை உள்ளே வையுங்கள்.

மாட்டுவதை நீங்களே செய்யலாம். ஒரு காலைப்பொழுது போதும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். பலாத்காரமாகத் திருகினால் தலை முறியும். ஆசனம் கழன்றதும் சட்டத்தின் துருவைச் சுரண்டி, வர்ணம் பூசிக் காயவிடுங்கள். உறையை வெயிலில் அரை மணி நேரம் விரித்து வைத்தால் ரெக்சின் இளகும், இழுக்க இலகு. முதுகின் மேல்முனையிலிருந்து கீழே இழுத்து வாருங்கள். நாடா எதுவும் ஆசனம் நகரும் தண்டவாளத்துக்குள் போகக் கூடாது. போனால் ஆசனம் பூட்டாமல் நின்று, பிரேக் பிடிக்கும்போது முன்னே ஓடும். ஆசனப்பட்டியின் பூட்டு உறைக்கு வெளியே நிமிர்ந்து நிற்க வேண்டும். முடிந்ததும் ஆசனத்தை முன்னும் பின்னும் தள்ளி, பூட்டு விழும் ஓசையைக் கேளுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்று கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள்; தனியார் வாகனத்தில் ஆசனம் பூட்டி நிற்கிறதா என்று யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. நீங்களே இழுத்துப் பாருங்கள்.

உங்கள் டிஃபெண்டரில் பக்கக் காற்றுப்பை கிடையாது, அந்தக் கவலை இல்லை. ஆசனத்தின் ஓரத்தில் காற்றுப்பை அடையாளம் தைத்திருக்கும் வாகனம் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தை மூடக் கூடாது.

ஒரு வாரம் ஓடியபின் நாடாக்கள் தளரும். மறுபடி இறுக்குங்கள். தம்பி எதையாவது அனுப்பியே தீருவேன் என்று நின்றால், உறை வேண்டாம், பற்றரிப் பெட்டியின் மூடியையும் அதை இறுக்கும் கொளுவியையும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.