ராயபுரத்தார் பதில்கள்: சீல் வைத்த உலைகளும் வைக்காத உலைகளும்

இரான் செய்தி டிவியில் ஓடினாலும் ஓடியது, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அணு உலைதான். மழைநீர் வடிகால் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, சர்வதேச அணுசக்தி முகமை ஆட்கள் உலைக்குள் போய் என்னதான் பார்ப்பார்கள்? வெடிக்காமல் இருக்குமா என்றா?
*– வண்ணாரப்பேட்டை வாசகர்*

இல்லை. அந்த வேலைக்கு நம் நாட்டிலேயே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. முகமையின் தலைமையகமான வியன்னாவிலிருந்து வருகிறவர்கள் கணக்குப் பார்க்க வருகிறார்கள். எவ்வளவு யுரேனியம் உள்ளே போனது, எரிந்து முடிந்த எரிபொருள் எவ்வளவு வெளியே வந்தது, அதைக் குளிரவைக்கும் குளத்தில் எவ்வளவு கிடக்கிறது என்று எண்ணுவார்கள். நடுவில் குறைந்தால் குண்டு செய்யப் போயிருக்குமோ என்று சந்தேகம் வரும். எரிந்த எரிபொருளிலிருந்து பிரித்தெடுப்பது புளூட்டோனியம்; ஒரு குண்டுக்கு ஆகும் என்று அவர்கள் கணக்கு வைத்திருக்கும் அளவு அதில் 8 கிலோ. அவ்வளவுதான்!

நான் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் பின்கதவைப் பாருங்கள். விரல் நீளத்தில் ஒரு பாட்டில் சீல் தொங்கும். அதிலுள்ள நம்பரும் காகிதத்திலுள்ள நம்பரும் ஓர் இலக்கம் மாறினால் போச்சு, அன்றைக்கு வண்டி நகராது. ஆனால் கெட்டிக்காரத் திருடன் சீலைத் தொடவே மாட்டான். கதவுக் கைப்பிடியின் ரிவிட்டைக் கழற்றி, சரக்கை எடுத்துவிட்டு, ரிவிட்டைத் திரும்ப அடித்துவிடுவான். சீல் பளபளவென்று அப்படியே இருக்கும்.

எண்ணி முடித்த அணுப்பொருளுக்குச் சீல் வைக்கும் முகமைக்கும் இது தெரியும். அதனால்தான் சீலோடு கேமராவும் வைக்கிறார்கள். அவர்கள் நெடுநாளாகப் பயன்படுத்திய சீல், கம்பி கோத்த சின்ன உலோக மூடி. மூடியின் உட்புறத்தில் கன்னாபின்னாவென்று கீறல் போட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு கழற்றி வியன்னாவுக்கு எடுத்துப்போய் அந்தப் படத்தோடு ஒப்பிடுவார்கள். நம்பரைப் போலியாக அடித்துவிடலாம், அந்தக் கீறலை அடிப்பது கஷ்டம்.

2008-ல் ஒரு அணு ஒப்பந்தத்துக்காக ஆட்சியே கவிழப் பார்த்ததாமே? அப்படி என்ன இருந்தது அதில்?
*– திருவொற்றியூர் கல்லூரி மாணவி*

நல்ல கேள்வி அம்மா. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

1974-ல் பொக்ரானில் நாம் குண்டு வெடித்தோம். அதற்கான புளூட்டோனியம் கனடா கொடுத்த சைரஸ் என்ற ஆராய்ச்சி உலையிலிருந்து வந்தது. அமைதிப் பணிக்கென்று கொடுத்ததை இப்படிச் செய்துவிட்டார்களே என்று வெளிநாடுகள் கடையை மூடின. அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு உருவானதே அதற்குப் பிறகுதான். தாராப்பூர் உலைகளுக்கு எரிபொருள் தருவதாக 1963-ல் ஒப்புக்கொண்ட அமெரிக்காவும் 1978-ல் புதுச் சட்டம் போட்டுக் கையை விரித்தது. பின்னால் பிரான்ஸ் கொடுத்தது என்பது வேறு கதை.

இந்தக் காயத்தோடுதான் நம்மவர்கள் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். 2005 ஜூலையில் மன்மோகன் சிங்கும் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் கூட்டறிக்கை விட்டார்கள். சிவில் உலைகளைத் தனியாகப் பிரித்து, முகமையின் கண்காணிப்பில் விடுங்கள், உலகச் சந்தையைத் திறந்துவிடுகிறோம் என்பது பேரம். உடனே இழுபறி ஆரம்பம். கண்காணிப்பில் வைத்த உலையை என்றைக்கும் வெளியே எடுக்கக்கூடாது என்றது அந்தப் பக்கம். சரி, எரிபொருளை மறுபடி நிறுத்தினால் நாங்கள் என்ன செய்வது என்றது நம் பக்கம். கடைசியில் நிரந்தரத்துக்கு நாம் ஒப்புக்கொண்டோம். எரிபொருள் தடைபட்டால் இந்தியா ‘சரிசெய்யும் நடவடிக்கை’ எடுக்கலாம் என்று முகமையுடனான ஒப்பந்தத்தின் முன்னுரையில் ஒரு வரி சேர்ந்தது. என்ன நடவடிக்கை என்று அதில் விளக்கம் கிடையாது. இரண்டு தரப்பும் ஊருக்குப் போய் ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக, வேண்டுமென்றே தெளிவில்லாமல் எழுதிய வரி என்பது என் அபிப்பிராயம்.

இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். 2008 ஜூலை 22 நம்பிக்கை வாக்கெடுப்பில் 275-க்கு 256 என்று அரசு தப்பியது. ஆகஸ்ட் 1-ல் முகமையின் ஆளுநர் குழு ஒப்புக்கொண்டது. அப்புறம் வழங்கும் நாடுகளின் குழுவில் 45 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஆகஸ்டில் கூடி முடியவில்லை. செப்டம்பரில் மறுபடி கூடினார்கள். ஆஸ்திரியா, அயர்லாந்து, நியூசிலாந்து போன்ற சின்ன நாடுகள் பிடிவாதமாக நின்றன. செப்டம்பர் 5-ம் தேதி வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி, இனி அணுகுண்டுச் சோதனை இல்லை என்று நாமாகப் போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டில் மாற்றமில்லை என்று அறிக்கை விட்டார். மறுநாள், அந்தக் குழுவின் தடையிலிருந்து இந்தியாவுக்கு விலக்கு கிடைத்தது.

நம்ம கல்பாக்கம் அந்தக் கண்காணிப்புப் பட்டியலில் உண்டா?
*– மீஞ்சூர் ஆசிரியர்*

கிடையாது. 2006-ல் பிரித்தபோது, கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலையை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) சேர்க்காமல் 22 மின் உலைகளில் 14 கண்காணிப்புக்கு என்று முடிவானது. வெளியே நின்ற எட்டில் கல்பாக்கத்தின் இரண்டும் அடக்கம். மற்றவை கைகாவில் நான்கு, தாராப்பூரின் மூன்றாவதும் நான்காவதும். ஈனுலையைக் கொடுக்கவே கூடாது என்று அணுசக்தித் துறைத் தலைவராக இருந்த அனில் ககோத்கர் வெளிப்படையாகவே சொன்னார். அதுவும் வெளியேதான். நம் மாநிலத்தில் கூடங்குளம் மட்டும் உள்ளே. ஆக, நம் மாநிலத்தின் இரண்டு அணுமின் நிலையங்களில் ஒன்றில் வியன்னாவின் சீல் உண்டு, இன்னொன்றில் இல்லை.

இந்தியாவுக்கு ஒரு நியாயம், இரானுக்கு ஒரு நியாயமா?
*– காசிமேடு வாசகர்*

ஓரளவு ஆமாம். ஆனால் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது, தம்பி. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்துப் போடவில்லை, இரான் போட்டது. போட்டால் நாட்டிலுள்ள மொத்த அணுப்பொருளுக்கும் கணக்குக் காட்டவேண்டும்.

வல்லரசுகளோடு 2015-ல் செய்த ஒப்பந்தத்தில், 3.67 சதவீதத்துக்கு மேல் யுரேனியத்தைச் செறிவூட்டுவதில்லை (அதாவது, அதில் எளிதில் பிளவுபடும் வகையின் பங்கைக் கூட்டுவதில்லை), 300 கிலோவுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று இரான் ஒப்புக்கொண்டது. அதைப் பின்பற்றியதாக முகமையே திரும்பத் திரும்ப அறிக்கை தந்தது. 2018 மே மாதம் டிரம்ப் அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். 2021-ல் இரான் 60 சதவீதத்துக்குப் போய்விட்டது. மின்சாரத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் போட்ட குண்டு விழுந்தபோது அந்த 60 சதவீதச் சரக்கு 400 கிலோவுக்கு மேல் இருந்ததாக முகமையின் மதிப்பீடு. தாக்குதலுக்குப் பிறகு ஆய்வாளர்களால் அந்த இடங்களுக்குப் போய் அதை எண்ண முடியவில்லை. சரக்கை அழிக்கக் குண்டு போடப்போய்க் கணக்கு அறுந்துபோனதுதான் மிச்சம் என்பேன்.

ஒரு ஆய்வாளரைப் பிடிக்கவில்லை என்றால் நாடு வேண்டாம் என்று சொல்லலாமா?
*– தண்டையார்பேட்டை வாசகி*

சொல்லலாம். யார் யார் வருவார்கள் என்று முகமை முன்கூட்டியே பெயர் கொடுத்து நாட்டின் சம்மதம் வாங்கவேண்டும். 2023 செப்டம்பரில் அனுபவம் மிக்க பலரை இரான் இப்படித்தான் நீக்கியது. முகமைத் தலைவர் ரஃபேல் குரோசி கடுமையாகக் கண்டித்தார். ஆனால் ஒப்பந்தப்படி அது இரானுக்கு உள்ள உரிமை, அதை அவரும் மறுக்கவில்லை.