உலையை நிறுத்தப் போகிறார்கள்: 50% வரி என் வேலையைக் காப்பாற்றுமா?

கேள்வி: அமெரிக்காவின் இந்தியானாவில், இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலை உள்ள பெரிய எஃகு ஆலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. இந்த ஆண்டு நவம்பரில் 55 வயது நிறைகிறது. எங்கள் உலையைத் தற்காலிகமாக நிறுத்தப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இறக்குமதி எஃகுக்கு 50% வரி போட்டிருப்பதால் வேலைக்கு ஆபத்தில்லை என்கிறார்கள் நண்பர்கள். ஆர்கன்சாவில், பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலை ஆலையொன்றில் வேலை வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் பணம் கேட்கிறார். தெரிந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரோ, கம்பெனி வழி ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே பணத்தை உடனே அன்யூட்டிக்கு (பிற்காலத்தில் தவணையாகப் பணம் தரும் காப்பீட்டுத் திட்டம்) மாற்றச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: வரியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். வரி எஃகின் விலையைத் தூக்கிப் பிடிக்கும். உங்கள் உலை எரியுமா என்பது அந்த எஃகை வாங்குபவர் கையில் இருக்கிறது. 2025 மார்ச் 12 அன்று 25% வரி எல்லா நாடுகளுக்கும் விரிந்தது. அதே மாதத்தில்தான் கிளீவ்லாண்ட்-கிளிஃப்ஸ் நிறுவனம் மிச்சிகனில் டியர்போர்ன் ஊதுலையை நிறுத்தப் போவதாக அறிவித்தது. கார் உற்பத்தி மந்தமாக இருந்ததே காரணம். ஜூன் 4 அன்று பெரும்பாலான நாடுகளுக்கு வரி 50% ஆனது. அதனால் கார் கம்பெனிகள் கூடுதலாக ஒரு டன்கூட வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தொழில்நுட்பம் ஆளைக் குறைத்ததும் இன்று நேற்றல்ல. 1980களின் தொடக்கத்தில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 10 மனித மணி நேரம் பிடித்தது. இப்போது 2 மணி நேரம்கூட இல்லை. அமெரிக்க எஃகில் சுமார் 70 சதவீதம் பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைகளில் வருகிறது.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் உலையின் ரீலைன் தேதி. உட்சுவர்ச் செங்கலை 15, 20 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். சின்னச் செலவில்லை: இந்தியானாவின் கேரி ஆலையில் 14ஆம் எண் உலைக்கு ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் 2024இல் அறிவித்த தொகை சுமார் 30 கோடி டாலர். உங்கள் உலைக்கு ரீலைன் நெருங்கியும் கம்பெனியின் ஆண்டறிக்கையில் அதற்குப் பணம் ஒதுக்கியதாக ஒரு வரிகூட இல்லை என்றால், இன்றே வேலை தேடத் தொடங்குங்கள்.

ஆர்கன்சா வேலை நல்ல யோசனைதான், ஏஜென்ட்தான் கெட்டவர். உண்மையான ஆள்தேர்வு நிறுவனம் தன் கட்டணத்தை ஆலையிடம் வாங்கும், உங்களிடம் ஒரு டாலரும் கேட்காது. ஆலையின் இணையதளத்தில் நேராக விண்ணப்பியுங்கள். கேஸ்டர் (எஃகை வார்க்கும் இயந்திரம்), உருட்டாலை, ஹைட்ராலிக்ஸ், பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) அனுபவத்தை முதலில் எழுதுங்கள். ஊதுலைக்குக் காற்றைச் சூடாக்கும் ஹாட் ஸ்டோவ் அனுபவத்துக்கு அங்கே வேலை இல்லை. மின்வில் உலையின் நீர்க்குளிர்ச்சிப் பலகைகளில் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று படித்துவிட்டு நேர்முகத்துக்குப் போங்கள். உருகிய எஃகுக்குள் தண்ணீர் சிக்கினால் வெடிக்கும் என்பதால் அதைக் கட்டாயம் கேட்பார்கள். சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு, உற்பத்தி போனஸ் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மந்தக் காலத்தில் வேலை போகாவிட்டாலும் போனஸ் கரைந்துவிடும். வீட்டுக் கடனை அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடுங்கள்.

இனி அந்த அன்யூட்டி. ஓர் ஆலையில் ஆட்குறைப்புச் செய்தி வந்ததும், இத்தனை நாள் பேசாத ஏஜென்ட்கள் எல்லாம் பிறந்தநாள் விழாவிலும் கோயில் வளாகத்திலும் தேடி வருவார்கள். “உங்களுக்கு இன்னும் 55 ஆகவில்லை, இப்போது எடுத்தால் 10% அபராதம், அதற்குள் மாற்றிவிடுங்கள்” என்பது அவர்களுடைய வாடிக்கையான வசனம். அது தவறு. 59½ வயதுக்கு முன் எடுத்தால் அபராதம் என்பது பொது விதி; 55இல் வேலையை விட்டுப் பிரிந்தவருக்கு அதில் விலக்கு உண்டு. வேலையை விட்டுப் பிரியும் நாளில் 55 நிறைந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் 55ஐத் தொடும் காலண்டர் ஆண்டில் பிரிந்தால் போதும். உங்களுக்கு நவம்பரில் பிறந்தநாள், ஜூனில் வேலை போனாலும் இந்தக் கம்பெனியின் 401கேயிலிருந்து அபராதமின்றி எடுக்கலாம். வருமான வரி மட்டும் உண்டு. போன டிசம்பரிலேயே பிரிந்திருந்தால் இந்தச் சலுகை கிடைத்திருக்காது. இன்னொன்று: அந்தப் பணம் அதே 401கேயில் இருக்கும்வரைதான் இந்தச் சலுகை. ஐஆர்ஏவுக்கோ (நீங்களே வைத்துக்கொள்ளும் ஓய்வுக்காலக் கணக்கு) அதன்வழி அன்யூட்டிக்கோ மாற்றிய மறுநொடி அது போய்விடும், 59½ வயதுவரை காத்திருக்க வேண்டும். தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கத் திட்டம் அனுமதிக்கிறதா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அன்யூட்டியில் 7 முதல் 10 ஆண்டுவரை, இடையில் பணத்தை எடுத்தால் பிடிக்கும் சரண்டர் கட்டணம் இருப்பது சாதாரணம். ஏஜென்டுக்குக் கமிஷன் முதல் நாளே கைக்கு வந்துவிடும். “உங்கள் கமிஷன் எத்தனை சதவீதம், எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 401கே கணக்கில் 7,000 டாலருக்கு மேல் இருந்தால் உங்கள் பணத்தைக் கம்பெனி திட்டத்திலிருந்து வெளியேற்ற முடியாது, அவசரமே இல்லை. எப்போது மாற்றினாலும் காசோலை உங்கள் பெயரில் வரக்கூடாது; வந்தால் வருமான வரிக்காக 20% பிடித்துவிடுவார்கள்.

‘தற்காலிக நிறுத்தம்’ என்ற சொல்லுக்கும் கணக்கு உண்டு. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சம்பளப் பொறியாளருக்கும் இது பொருந்தும். ஆனால் 6 மாதத்துக்குள் திரும்ப அழைப்பதாகச் சொன்னால் அறிவிப்பு தேவையில்லை. தேதி போட்ட கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், 6 மாதம் தாண்டினால் வழக்கறிஞருக்கு அதுதான் வேண்டும். பணிப்பிரிவுத் தொகைக்கான ஒப்பந்தத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். 40 வயதைக் கடந்தவருக்குக் கூட்டு ஆட்குறைப்பில் யோசிக்க 45 நாளும், கையெழுத்திட்ட பிறகு திரும்பப் பெற 7 நாளும் சட்டம் தருகிறது.

இறக்குமதியால் வேலை இழந்தவருக்கு மறுபயிற்சி தரும் டிஏஏ திட்டத்தைப் பற்றி யாராவது சொன்னால், 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்கு அனுமதியே இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். வரியை உயர்த்த ஒரு கையெழுத்து போதும் என்றிருக்கும் நாட்டில், வேலை போனவனுக்கான இந்தத் திட்டம் காலாவதியாகிக் கிடப்பது எனக்கு ஆறாத கோபம். மனு எழுதித் தருகிறேன் என்று எவராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியானாவின் அரசு வேலைவாய்ப்பு மையமான ஒர்க்ஒன்னின் உங்கள் மாவட்ட அலுவலகத்தில் வேலை இழந்தோருக்கான பயிற்சி நிதி உண்டு. அதன் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது, வசந்தகாலத்துக்குள் பணம் தீர்ந்துவிடக்கூடும். ஆட்குறைப்புக் கடிதம் வந்த வாரமே போய்ப் பதிந்துவிடுங்கள்.