நார்வேயில் கூட்டம் அதிகம் இல்லாத, வரலாறு உள்ள சின்ன ஃபியோர்டு கிராமம் ஏதாவது இருக்கிறதா?

கூட்டம் வேண்டாம் என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் கெய்ராங்கர், ஃப்ளோம் இரண்டையும் விட்டுவிடுங்கள். கோடையில் ஒரு சொகுசுக் கப்பல் வந்து நின்றால் அங்கே கால் வைக்க இடமிருக்காது. ஃப்யார்லாண்டுக்குப் போங்கள்.

ஃபியோர்டு என்றால் மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் ஒடுங்கிய கடல். 205 கிலோமீட்டர் நீளமுள்ள சோக்னஃபியோர்டிலிருந்து வடக்கே பிரியும் ஒரு கிளையின் கடைசி முனையில் இருக்கிறது இந்த ஊர். சுமார் 300 பேர். தலைக்கு மேலே யோஸ்டடால்ஸ்பிரே, ஐரோப்பியப் பெருநிலத்திலேயே பெரிய பனிப்படலம். அது அரைத்துத் தள்ளும் பாறைப் பொடி கலந்து, கோடையில் தண்ணீர் பால் ஊற்றிய பச்சையாக இருக்கும்.

1986 வரை இந்த ஊருக்கு வெளியுலகச் சாலை கிடையாது. மாவு, தபால், விருந்தாளி எல்லாம் படகில்தான் வர வேண்டும். பனியாறு பார்க்க வருகிறவர்களை நம்பி 1891-லேயே இங்கே ஓட்டல் கட்டியிருக்கிறார்கள், அவர்களும் படகில் வந்தவர்கள்தான். அப்புறம் மலையைக் குடைந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் போட்டார்கள். திறந்து வைத்தவர் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் வால்ட்டர் மாண்டேல். அவருக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றும். அவருடைய முன்னோர் இந்த ஊரின் முண்டால் பண்ணையிலிருந்து கப்பலேறியவர்கள். பண்ணையின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொள்வது அந்தக் காலத்து நார்வே வழக்கம். அந்த முண்டால்தான் அமெரிக்காவில் மாண்டேல் ஆனது.

சாலை வந்தது நல்லதுதான். ஆனால் படகுத்துறையை ஒட்டியிருந்த நடமாட்டம் போய்விட்டது. சும்மா கிடந்த கட்டடங்களில் 1990-களின் நடுவில் பழைய புத்தகங்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். வேல்ஸில் ஹே-ஆன்-வை என்ற ஊரில் ஏற்கெனவே செய்து பார்த்த யோசனைதான். மாட்டுத் தொழுவம், பழைய வங்கி, படகுக்குக் காத்திருக்கும் அறை என்று எல்லாம் புத்தகக் கடையாகின. என்னைக் கேட்டால், பனியாற்றைவிட இதைப் பார்க்கவே போகலாம்.

நான் போன அன்று நச்சுநச்சென்று மழை. தெருவோரத்தில் ஆளில்லாத மர அலமாரி, மேலே சின்னக் கூரை, பக்கத்தில் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி. ஈரத்தில் உப்பிப்போன ஒரு சமையல் புத்தகத்தை எடுத்தேன். ஒரு பக்கத்தில் யாரோ வைத்த வெண்ணெய் விரல் ரேகை அப்படியே இருந்தது. என் நார்வே மொழி அரைகுறை, ஆனாலும் அதற்காகவே அது வேண்டும் என்று தோன்றியது. பையைத் துழாவினால் கார்டு மட்டும்தான் இருக்கிறது! ஓட்டல் வரை நனைந்துகொண்டே நடந்து, காபி குடிக்க வந்த ஒரு பாட்டியிடம் சில்லறை வாங்கி, அவருக்குக் காபிக் காசை நான் கார்டில் கட்டி, திரும்பி வந்து பெட்டியில் போட்டேன்.

மே முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை போனால் கடைகள் திறந்திருக்கும். பேருந்து பனியாற்று அருங்காட்சியகத்தருகே இறக்கிவிடும். கட்டடக் கலைஞர் ஸ்வேர ஃபேன் வடிவமைத்தது அது, உள்ளே போய்ப் பாருங்கள். அங்கிருந்து ஊருக்குள் நடந்தே போகலாம். கையில் கொஞ்சம் நாணயம் வைத்துக்கொள்ளுங்கள்.