டாக்டரிடம் கேளுங்கள்: ஆறாத கால் புண்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 52, சுகர் உண்டு. கடலில் பாசி எடுக்கப் போகிறவர். ஒரு மாதத்துக்கு முன் பாரில் (கடலடிப் பாறையில்) இடறிப் பாதம் கிழிந்தது. முன்பெல்லாம் ஒரு வாரத்தில் ஆறிவிடும்; கடல் தண்ணியே மருந்து என்பார். இப்போது ஏன் ஆறவில்லை?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: நாளைக்கே அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், தங்கச்சி. மற்றதை அப்புறம் படிக்கலாம்.

மண்டபத்தில் என் கிளினிக்குக்குப் பாசிக்காரப் பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். பாசி பறிக்க விரல்களில் துணி சுற்றிய தடம் அப்படியே இருக்கும். போன மாதம் ஒரு அக்காவின் குதிகாலிலிருந்து நகம் அளவுக்கு ஒரு சிப்பித் துண்டை இடுக்கியால் எடுத்தேன். "இது எப்பம்மா ஏறுச்சு?" என்று அவரே கேட்டார். சர்க்கரை நரம்பைக் கெடுத்ததால் வலி தெரியவில்லை.

ஆறாததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. காயம் பட்டதும் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் அதை உறைய வைத்து, சில வேதிப்பொருள்களால் மற்ற செல்களைக் கூப்பிடும். ஓரிரு நாளில் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் விழுங்கும். அந்த வேலை முடிந்ததும் அவையே பேச்சை மாற்ற வேண்டும்: 'சண்டை போதும், ரத்தக்குழாய் வளரட்டும், புதுத் திசு கட்டட்டும்.' சர்க்கரை நெடுநாள் ஏறியே இருந்தால் இந்த மாற்றம்தான் தடைபடுகிறது. சண்டைச் சேதியே ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். அப்போது சுரக்கும் நொதிகள் புதிதாகக் கட்டிய திசுவையும் அரிக்கும். இன்று காய்ந்த மாதிரி தெரியும் புண் நாளை நீர் கசிவது இதனால்தான்.

சுகர் நோய்க்குள்ளேயும் இப்படி ஒரு பேச்சுக் கோளாறு உண்டு. கொழுப்புத் திசு அழற்சிச் சேதி (அதே சண்டைச் சேதி) அனுப்புவதையும், அதனால் இன்சுலின் சொல்வதைச் செல்கள் சரியாகக் கேட்காமல் போவதையும் 1993-இல் எலிகளில் கண்டறிந்தார்கள்.

கடல் தண்ணி மருந்து என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு. சுகர்க்காரர் புண்ணில் அவை ஏறினால் காலை எடுக்க நேரலாம், உயிரே போகலாம். புண் மூடும்வரை கடலுக்கு அனுப்பாதீர்கள். அன்றாடப் பிழைப்பு போகும், தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

மூன்று மாதச் சர்க்கரை அளவையும் பாருங்கள். புண்ணில் காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஆறிய பிறகு வீட்டிலும் மென்மையான ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர் செருப்பு போடட்டும். தினமும் ராத்திரி டார்ச் அடித்து அம்மாவின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்கள் பாருங்கள். புண் வந்தாலும் அவருக்கு வலி தெரியாது.