துணியில முகம் வரைஞ்சா பெயின்ட் ஏன் பரவுது?

ஆர்ட் குவில்ட்னா மேல் துணி, நடுவுல பஞ்சு அடுக்கு, அடித்துணி மூணையும் சேத்து தைச்சு சுவத்துல மாட்டுற ஓவியம். அதுல கண்ணோரம் போட்ட கோடு கன்னம் வரைக்கும் கசியுறதுக்குக் காரணம், பருத்தி இழைகளுக்கு நடுவுல இருக்குற நுண்ணிய இடைவெளி தண்ணிய இழுத்துக்கிட்டே போகும், விளக்குத் திரி எண்ணெய இழுக்குற மாதிரிதான். அதனால தண்ணிய குறைங்க, அக்ரிலிக் பெயின்ட்டோட ஃபேப்ரிக் மீடியம் (காஞ்ச பிறகும் பெயின்ட் துணியோட வளைஞ்சு கொடுக்க கலக்குற திரவம்) கலந்துக்கோங்க, முதல்ல அதே துணியில ஒரு துண்டு வெட்டி போட்டுப் பாருங்க (இத மட்டும் விட்டுடாதீங்க). மூக்கு நுனி, கண்ணுக்குள்ள மின்னுற புள்ளி இங்கெல்லாம் வெள்ளத் துணிய அப்படியே விட்டாலே முகத்துக்கு உயிர் வந்துடும், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான். நல்லா காஞ்சதும் அயர்ன் பண்ணிட்டு தைங்க. பெயின்ட்ட கெட்டியா அப்பினா முகம் நல்லா வரும்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, துணி அட்டை மாதிரி விறைச்சுப் போய் ஊசி ஓட்டைதான் பளிச்சுன்னு தெரியும்.