செதுக்கு மெஷினில் ஸ்கேன் ப்ரோப் மக்கர் செய்தால்: கேள்வி-பதில்

ஸ்கேன் ஆரம்பிக்கும் முன்பே ‘அலாரம் 4’ வந்து நின்றுவிடுகிறது. மெஷினின் கன்ட்ரோல் போர்டு போய்விட்டதா?

போர்டைக் கழற்றாதீர்கள். மாடலைத் தொட்டுத் தொட்டு அதன் உருவத்தை அளக்கும் ப்ரோப், அதைத் தொடும் முன்பே ‘தொட்டாச்சு’ என்று சொல்கிறது. மெஷினை இயக்கும் ஜிஆர்பிஎல் (Grbl) மென்பொருளில் இந்த அலாரத்துக்கு அதுதான் அர்த்தம். ப்ரோபை எதிலும் படாமல் உயர்த்தி வைத்துவிட்டு, கணினியிலிருந்து மெஷினுக்கு ஒரு கேள்விக்குறியை (?) மட்டும் அனுப்புங்கள். வரும் பதிலில் ‘பிஎன்’ (Pn) என்ற சொல்லை அடுத்து ‘பி’ (P) தெரிந்தால் சந்தேகமே இல்லை.

இப்போது முனையை விரலால் மெல்லத் தள்ளி, மறுபடி கேளுங்கள். தள்ளும்போது ‘பி’ மறைந்து, விட்டதும் திரும்ப வந்தால் வயர் நன்றாகவே இருக்கிறது, சிக்னல்தான் தலைகீழ். ப்ரோப் சிக்னலைத் திருப்பிப்போடும் $6 அமைப்பு 0 என்றால் 1 ஆக்குங்கள், 1 என்றால் 0. தள்ளினாலும் மாற்றமே இல்லையா? வயர் எங்கோ விட்டிருக்கும், இல்லையென்றால் முனை மரத்தூளில் சிக்கி உள்ளேயே நிற்கும். சின்ன ப்ரஷ்ஷால் கழுத்துப் பகுதியைச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் மட்டும் வேண்டாம், தூள் இன்னும் அப்பிக்கொள்ளும்.

தொட்ட பிறகும் நிற்காமல் மாடலைக் குத்துகிறது.

மாடலைக் கீழே வைக்காமல், ப்ரோப் கட்டளை (G38.2) கொடுத்து ப்ரோபை மெதுவாக இறக்கிக்கொண்டே முனையை விரலால் தட்டுங்கள். உடனே நிற்கவில்லை என்றால் சிக்னல் போர்டுக்கே போகவில்லை. இந்தச் சோதனையை ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் செய்யுங்கள், தயவுசெய்து. பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு!

மாடல் வழவழப்பு, ஸ்கேனில் வரி வரியாகக் கோடு. ஏன்?

ஒன்று விட்டு ஒரு வரி தள்ளியிருந்தால் அது பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது மெஷினில் வரும் ஆட்டம். போகும்போதும் வரும்போதும் தொடாமல் ஒரே திசையில் ஸ்கேன் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கோடுகள் ஒழுங்கில்லாமல் இருந்தால், ஒரே இடத்தைப் பத்து முறை தொட வைத்துப் பாருங்கள். அளவு அங்கும் இங்கும் சிதறினால் ப்ரோப் லூசாக இருக்கலாம், வேகம் அதிகமாக இருக்கலாம். ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் மாடலின் பிடிமானத்தைப் பாருங்கள்.

கண், மூக்கு ஓரங்கள் மழுங்குகின்றன. தொடும் புள்ளிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் குறைக்கட்டுமா?

2 மி.மீ. உருண்டை முனை 1 மி.மீ. பள்ளத்துக்குள் இறங்காது, இடைவெளியைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது. 100 மி.மீ. சதுரத்துக்கு 1 மி.மீ. இடைவெளியில் சுமார் 10,000 தொடுகைகள், 0.5 என்றால் 40,000. ஒன்றுக்கு ஒரு நொடி வைத்தாலும் 11 மணி நேரம் தாண்டும். மெல்லிய முனை போடுங்கள். அப்புறம், ப்ரோப் பதிவது உருண்டையின் மையம் போன பாதையை. அதே விட்டமுள்ள, நுனி உருண்டையான பால்நோஸ் பிட்டின் மையத்தை அந்தப் பாதையிலேயே ஓட்டினால் உருவம் சரியாக வரும்; முனை அளவுக்குத் தனியாகத் திருத்தம் போட வேண்டியதில்லை.